மெட்டாலிக்கா எப்போது விலைபோனது?

கேட்கப்பட்ட கேள்வி இது: ஹெவி மெட்டல் குழு ஒன்று தொலைக்காட்சியிலும் வானொலியிலும் இடம்பிடித்துப் பெருவாரியான மக்களிடம் போய்ச் சேர்ந்துவிட்டாலே அது விலைபோய்விட்டது என்றுதான் கொள்ள வேண்டுமா? கேட்டவர் மெட்டாலிக்காவை உதாரணம் காட்டியிருக்கிறார். 1991-க்குப் பிறகு அந்தக் குழு வெளியிட்ட எதையும் காது கொடுத்துக் கேட்க மாட்டேன் என்று அவருடைய நண்பர் பிடிவாதமாக இருக்கிறாராம்.

என் பதில், இல்லை என்பதுதான். ஆனால் அந்த நண்பரின் கோபத்தை அறியாமை என்று ஒதுக்கிவிடவும் எனக்கு மனமில்லை. அந்தக் கோபத்துக்கு ஒரு வரலாறு உண்டு. அது இசையைவிட, இசை எந்த வழியாகக் கைமாறியது என்பதோடு அதிகம் தொடர்புடையது. ஆகவே அங்கிருந்து தொடங்குகிறேன்.

மெட்டாலிக்கா 1981-இல் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில், டென்மார்க்கிலிருந்து வந்த டிரம்ஸ் கலைஞர் லார்ஸ் உல்ரிக்காலும் கிட்டார் கலைஞரும் பாடகருமான ஜேம்ஸ் ஹெட்ஃபீல்டாலும் தொடங்கப்பட்டது. 1982-இல் அவர்கள் பதிவு செய்த 'நோ லைஃப் டில் லெதர்' என்ற டெமோ கேசட்டுக்கு, அதாவது மாதிரிப் பதிவுக்கு, விளம்பரமும் கிடையாது, விற்பனைக் கடையும் கிடையாது. உல்ரிக்கே அந்தக் காலத்தில் கேசட் பரிமாற்றத்தில் ஊறியவர். ஓர் ஊரிலிருக்கும் ரசிகர் தன்னிடமுள்ள அரிய பதிவை வெற்றுக் கேசட்டில் நகலெடுத்து முன்பின் பார்த்திராத இன்னொரு ரசிகருக்குத் தபாலில் அனுப்புவார். அவர் தன்னிடமுள்ள வேறொன்றைப் பதிலுக்கு அனுப்புவார். இப்படியே அமெரிக்கா முழுவதும், ஐரோப்பாவிலும், டெமோ பரவியது. கையால் எழுதிய பாடல் பட்டியல், நகலெடுக்க நகலெடுக்கக் கூடிக்கொண்டே போகும் இரைச்சல், உறையின் மேல் வெளிநாட்டுத் தபால்தலை, இவைதான் அந்த உலகத்தின் சின்னங்கள்.

அந்தக் கேசட்டின் ஒரு நகல் நியூஜெர்சியில் ஓர் உள்ளரங்கச் சந்தையில் இசைத்தட்டுக் கடை நடத்திக்கொண்டிருந்த ஜான் ஜஸுலாவின் கைக்குப் போய்ச் சேர்ந்தது. அவர் 1,500 டாலர் அனுப்பிக் குழுவைக் கிழக்குக் கடற்கரைக்கு வரவழைத்தார். எந்த நிறுவனமும் கைகொடுக்காத நிலையில், தாமே மெகாஃபோர்ஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கி 1983-இல் முதல் ஆல்பத்தை வெளியிட்டார். இந்த வரலாற்றில் ரசிகர் வெறும் வாடிக்கையாளர் அல்லர். நகலெடுப்பவர் அவர், விநியோகிப்பவர் அவர், கையச்சுப் பத்திரிகையில் விமர்சனம் எழுதுபவரும் அவர். கடைசியில் ஒரு ரசிகரே பதிப்பாளராகவும் ஆகிவிட்டார். தான் தோள்கொடுத்துத் தூக்கிவிட்ட ஒன்று மேலே போனபின் யார் கைக்கும் எட்டுகிறது என்று ஆகும்போது ஏற்படும் இழப்புணர்வுக்கு நியாயம் இல்லை என்று சொல்லிவிட முடியாது. நம்முடைய சிற்றிதழ் வாசகர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியிருக்காது. முந்நூறு பேர் மட்டுமே படித்துக்கொண்டிருந்த எழுத்தாளரின் பெயர் ஒருநாள் வார இதழின் அட்டையில் வரும்போது, அவருடைய உரைநடையில் ஓர் எழுத்துகூட மாறாமலிருந்தாலும், பழைய வாசகர்களுக்கு ஏதோ பறிபோனது போலத்தான் இருக்கும்.

இடையில் சொந்த நினைவு ஒன்று. என்னிடம் இருந்த முதல் மெட்டாலிக்கா கேசட் கடையில் வாங்கியதல்ல. பாட்டுப் பட்டியலைத் துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்தால் வெற்றுக் கேசட்டில் பதிந்து தரும் ரெக்கார்டிங் கடைகள் அப்போது நம் ஊர்களில் தெருவுக்கு ஒன்று இருந்தன; இளையராஜாவுக்கென்றே நடந்துகொண்டிருந்த அப்படியொரு கடையில், வேறு யாரோ கொண்டுவந்து கொடுத்த கேசட்டிலிருந்து எடுக்கப்பட்ட நகல் அது. இரண்டாம் பக்கத்தின் கடைசிப் பாட்டு பாதியிலேயே நின்றுவிடும். அந்தப் பாட்டு அப்படித்தான் முடிகிறது என்று வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன்.

இனிக் குற்றச்சாட்டுக்கு வருவோம். மெட்டாலிக்கா 1991-இல் விலைபோனது என்பவர்கள் கவனிக்கத் தவறும் செய்தி, இந்தக் குற்றச்சாட்டு குழுவின் மீது அதற்கு ஏழு ஆண்டுகளுக்கு முன்பே சுமத்தப்பட்டுவிட்டது என்பது. 1984-இல் வந்த 'ரைட் த லைட்னிங்' என்ற இரண்டாவது ஆல்பத்தில் 'ஃபேட் டு பிளாக்' என்ற பாடல் அக்கூஸ்டிக் கிட்டாரோடு மெதுவாகத் தொடங்குகிறது. தற்கொலை எண்ணத்தைப் பற்றிய பாடல் அது. வேகம்தான் மெட்டாலிக்கா வாசித்த த்ராஷ் என்ற மெட்டல் வகையின் உயிர் என்று நம்பிய ரசிகர்கள், மெதுவாக வாசித்துவிட்டார்கள், குழு கெட்டுப்போய்விட்டது என்று அப்போதே முகம் சுளித்தார்கள். அந்த ஆல்பம் உருவானபோது எந்தப் பெரிய நிறுவனமும் அவர்களை ஒப்பந்தம் செய்திருக்கவில்லை. அதை முதலில் வெளியிட்டதும் ஜஸுலாவின் சிறு நிறுவனம்தான். எலெக்ட்ரா என்ற பெரிய நிறுவனத்தோடு ஒப்பந்தம் அதன் பிறகே கையெழுத்தானது. வாங்குவதற்கு ஆளே வராத நிலையில் விலைபோனது எப்படி?

இன்னும் பின்னோக்கிப் போனால், முதல் ஆல்பத்திலேயே ஒரு விட்டுக்கொடுத்தல் இருக்கிறது. அதற்கு அவர்கள் வைத்திருந்த பெயர் வேறு. சபையில் சொல்லக்கூசும் பெயர் அது. அந்தப் பெயரோடு வந்தால் கடைகளில் அடுக்க முடியாது என்று விநியோகஸ்தர்கள் சொல்லிவிட்டதால், 'கில் எம் ஆல்' என்று மாற்றினார்கள். சந்தைக்காகச் செய்யப்பட்ட மாற்றம் என்ற சொல்லின் நேர்ப்பொருளில் பார்த்தால், மெட்டாலிக்காவின் வரலாற்றிலேயே அப்பட்டமானது இதுதான். இதைக் குற்றமாக எவரும் சொல்லி நான் கேட்டதில்லை. சொல்லப்போனால், கறாரான பழைய ரசிகர்கள் மிக உயர்வாக மதிக்கும் ஆல்பமே அதுதான். இதிலிருந்து எனக்குப் புலப்படுவது, விலைபோதல் என்ற குற்றச்சாட்டு என்ன நடந்தது என்பதை வைத்துச் சுமத்தப்படுவதில்லை. கேட்பவர் அப்போது வட்டத்துக்கு உள்ளே இருந்தாரா வெளியே இருந்தாரா என்பதை வைத்தே சுமத்தப்படுகிறது.

1986 மார்ச்சில் வந்த 'மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்' ஆல்பத்துக்கு வீடியோ எடுக்கப்படவில்லை. வானொலியும் ஏறக்குறையக் கைவிட்டுவிட்டது. ஆஸி ஆஸ்போர்னின் கச்சேரிகளில் முன்னிசைக் குழுவாக அமெரிக்காவைச் சுற்றியே அந்த ஆண்டு முடிவதற்குள் 5 லட்சம் பிரதிகளைக் கடந்து தங்கத் தகுதி பெற்றார்கள். அதே ஆண்டு செப்டம்பர் 27 அன்று ஸ்வீடனில் பேருந்து கவிழ்ந்து பேஸ் கிட்டார் கலைஞர் கிளிஃப் பர்ட்டன் இறந்துபோனார். அதற்குப் பிறகு 1988-இல் வந்த ஆல்பம், வீடியோ எதுவும் வெளிவராத நிலையிலேயே அமெரிக்க ஆல்பம் விற்பனைப் பட்டியலில் 6-ஆம் இடத்தைத் தொட்டது. 1989 ஜனவரியில்தான் 'ஒன்' பாடலின் வீடியோ எம்டிவி என்ற இசைத் தொலைக்காட்சியில் வந்தது. கைகால்களையும் கண்ணையும் காதையும் பேச்சையும் போரில் இழந்து, உயிரை மட்டும் வைத்துக்கொண்டு படுக்கையில் கிடக்கும் வீரனைப் பற்றிய கறுப்பு வெள்ளைப் படக்காட்சிகளைக் கோத்து எடுக்கப்பட்ட அந்த வீடியோவைப் பார்த்த எவரும், தொலைக்காட்சிக்காகக் குழு தன்னை இனிப்பாக்கிக்கொண்டது என்று சொல்ல முடியாது. எம்டிவி அவர்களிடம் வந்தபோது, அவர்கள் ஏற்கெனவே அரங்குகளை நிரப்பிக்கொண்டிருந்தார்கள்.

இந்த இடத்தில் பலருக்கும் தெரியாத ஒரு காரணத்தைச் சொல்லியாக வேண்டும். 1991 மே மாதம் வரை அமெரிக்காவின் பில்போர்டு பட்டியல், கடைக்காரர்கள் தொலைபேசியில் சொல்லும் கணக்கை நம்பித் தயாரிக்கப்பட்டது. எது நன்றாக விற்கிறது என்று கேட்டால் கடைக்காரர் தம் நினைவில் நின்றதையும், தமக்குப் பிடித்ததையும், சில சமயம் நிறுவனத்தின் விற்பனைப் பிரதிநிதி சொல்லச் சொன்னதையும் சொல்வார். அந்த மே மாதத்தில் சவுண்ட்ஸ்கேன் என்ற முறை நடைமுறைக்கு வந்தது. கல்லாவில் பார்கோடு படிக்கப்படும் ஒவ்வொரு பிரதியும் நேரடியாகக் கணக்கில் ஏறியது. அடுத்த சில வாரங்களிலேயே பட்டியலின் முகம் மாறிவிட்டது. ஜூன் மாதத்தில் ஸ்கிட் ரோ குழுவின் 'ஸ்லேவ் டு த கிரைண்ட்' வெளியான வாரத்திலேயே முதலிடத்தில் நுழைந்தது. அதே மாதத்தில் என்.டபிள்யூ.ஏ. என்ற ராப் குழுவும் முதலிடம் பிடித்தது. கன்ட்ரி எனப்படும் அமெரிக்க நாட்டுப்புற இசையும் ராப்பும் மெட்டலும் அதுவரை எவ்வளவு குறைத்து எண்ணப்பட்டிருந்தன என்பது அப்போதுதான் வெளிச்சத்துக்கு வந்தது. மெட்டல் பொதுவெளிக்குப் போனது என்று நாம் சொல்வதில் ஒரு பகுதி, பொதுவெளி எவ்வளவு பெரியது என்பதை எண்ணத் தெரிந்துகொண்ட கதைதான்.

மெட்டாலிக்கா தன் பெயரையே தலைப்பாகக் கொண்டு, கறுப்பு அட்டையோடு வெளியிட்ட ஐந்தாவது ஆல்பம் 1991 ஆகஸ்ட் 12 அன்று வந்தது. அமெரிக்காவில் மட்டும் 1 கோடியே 60 லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றிருக்கிறது. நண்பரின் கோபம் முழுவதும் இதன்மேல்தான் என்பதால் சற்று நெருங்கிப் பார்ப்போம்.

தயாரிப்பாளராக அவர்கள் அழைத்துவந்தவர் பாப் ராக். மோட்லி குரூ குழுவின் 'டாக்டர் ஃபீல்குட்' ஆல்பத்தைத் தயாரித்தவர். பான் ஜோவியின் பெருவெற்றி ஆல்பம் ஒன்றுக்கு ஒலிப்பொறியாளராக இருந்தவர். த்ராஷ் ரசிகர்கள் எந்த அலங்கார இசையை எதிரியாக நினைத்தார்களோ அந்த முகாமின் ஆள். எனவே சந்தேகம் எழுந்தது இயல்புதான். ஆனால் அவரை யார் தேடிப் போனார்கள் என்று பார்க்க வேண்டும். முந்தைய ஆல்பத்தின் தலைப்புப் பாடல் ஏறக்குறையப் பத்து நிமிடம் ஓடக்கூடியது. அதை மேடையில் வாசித்தபோது முன்வரிசையில் நின்றவர்களே கொட்டாவி விட்டதைக் கண்டு, இதற்கு மேல் இந்த வழியில் போக முடியாது என்று முடிவு செய்ததாகக் கிட்டார் கலைஞர் கிர்க் ஹாமெட் பிற்பாடு சொல்லியிருக்கிறார். அந்த ஆல்பத்தில் பேஸ் கிட்டாரின் ஒலியே ஏறக்குறையக் கேட்காது என்பதும் ஊரறிந்த குறை. சிக்கலை இன்னும் சிக்கலாக்குவதா, எளிமையை நோக்கித் திரும்புவதா என்ற கேள்வி வாசிப்பவர்களுக்குள்ளேயே எழுந்த கேள்வி. நிறுவனம் அதைக் கேட்கவில்லை.

'என்டர் சாண்ட்மேன்' பாடலின் ரிஃப், அதாவது திரும்பத் திரும்ப வரும் கிட்டார் மெட்டு, உருவான விதம் இதற்கு நல்ல சான்று. ஹாமெட் இரவில் வாசித்துப் பதிந்து கொண்டுவந்த ரிஃபில், முதலில் வளைந்து நெளியும் ஒரு துண்டும், அதன் பிறகு கனமாக இறங்கும் ஒரு வால் துண்டும் மாறி மாறி வந்தன. அதைக் கேட்ட உல்ரிக், முதல் துண்டை மூன்று முறை திரும்ப வாசித்துவிட்டு, அதன் பிறகே வாலை இறக்கு என்றார். அவ்வளவுதான் மாற்றம். ஒரு ஸ்வரம்கூடக் கூடவில்லை, குறையவில்லை. ஆனால் கேட்பவரின் காது மூன்று முறை காத்திருந்து நான்காவதில் விழுகிறது. உலகம் முழுவதும் கிட்டார் கற்றுக்கொள்ளும் பையன்கள் முதல் மாதத்திலேயே வாசிக்கும் ரிஃபாக அது ஆனதற்கு இந்தத் திரும்ப வாசித்தல்தான் காரணம் என்பது என் கருத்து. பாடல் வரிகளுக்கு வந்தால், ஹெட்ஃபீல்ட் முதலில் எழுதியது தொட்டிலில் காரணம் தெரியாமல் இறந்துபோகும் சிசுவைப் பற்றியது. பாப் ராக்கும் உல்ரிக்கும் வற்புறுத்தியதன் பேரில் அதைக் குழந்தையின் கெட்ட கனவைப் பற்றியதாக மாற்றி எழுதினார். இதை மட்டும் எடுத்துக்கொண்டால், கூர்மையை மழுக்கிய செயல் என்று நண்பர் சொல்லலாம். நான் மறுக்க மாட்டேன்.

'நத்திங் எல்ஸ் மேட்டர்ஸ்' இன்னொரு கதை. ஹெட்ஃபீல்ட் தொலைபேசியில் காதலியோடு பேசிக்கொண்டிருக்கிறார். இடக்கை ரிசீவரைப் பிடித்திருக்கிறது. மடியில் கிடந்த கிட்டாரின் தந்திகளை வலக்கை மட்டும் சும்மா மீட்டுகிறது. அதனால்தான் பாடலின் தொடக்கம் எதையும் அழுத்திப் பிடிக்காத திறந்த தந்திகளால் ஆனது. குழுவுக்காக அவர் எழுதிய பாடலே இல்லை அது. கேட்டுவிட்டு ஆல்பத்தில் சேர்க்கச் சொன்னவர்கள் மற்றவர்கள். மைக்கேல் கேமன் அமைத்த வாத்தியக் குழுவின் இசை பின்னால் சேர்ந்தது. முரட்டுக் குழுவின் தலைவன் காதல் பாட்டுப் பாடுவதைப் பலர் விற்பனைத் தந்திரம் என்றார்கள். எனக்கென்னவோ, 1983-இல் தோல் ஜாக்கெட்டுக்குள் ஒளிந்துகொண்டு பாடுவதைவிட இதற்குத்தான் அதிகத் துணிச்சல் வேண்டியிருந்திருக்கும் என்று தோன்றுகிறது.

அந்த ஆல்பத்தின் இரண்டாம் பாதியில் தொய்வு உண்டு. கோபம் குறைந்து பாவனை மிகுந்த இடங்களும் உண்டு. 'மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்' அதைவிட மேலான படைப்பு என்றே நானும் நினைக்கிறேன். ஆனால் ஒரு படைப்பு முந்தையதைவிடத் தாழ்ந்தது என்பது வேறு, அது விலைபோனது என்பது வேறு. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் விவாதம் எப்போதும் சண்டையில் முடிகிறது.

உண்மையில் விலைபோக முயன்றால் எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டுமானால், ஸ்விட்சர்லாந்தின் கெல்டிக் ஃப்ராஸ்ட் குழு 1988-இல் வெளியிட்ட 'கோல்ட் லேக்' ஆல்பத்தைத்தான் பார்க்க வேண்டும். பிற்காலத்தின் டெத் மெட்டலுக்கும் பிளாக் மெட்டலுக்கும் விதை போட்ட குழு அது. அன்றைக்கு விற்றுக்கொண்டிருந்த கிளாம் பாணியில் தலைமுடியை ஊதிப் பெருக்கிக்கொண்டு வந்து நின்றது. பழைய ரசிகர்கள் ஓடிப்போனார்கள், புதிய ரசிகர்கள் வரவில்லை. அதன் தலைவர் டாம் வாரியரே பிற்பாடு அந்த ஆல்பத்தைத் தம் வாழ்நாள் அவமானமாகப் பேசி ஒதுக்கிவிட்டார். பாதை இதற்கு நேரெதிராகவும் போகும். டெக்சாஸ் மாநிலத்தின் பான்டெரா குழு எண்பதுகளில் கிளாம் பாணியில் நான்கு ஆல்பங்களை வெளியிட்டு, யாராலும் கவனிக்கப்படாமல் கிடந்தது. அலங்காரத்தைக் கழற்றிவிட்டு, ஆல்பத்துக்கு ஆல்பம் இன்னும் முரடாகிக்கொண்டே போய், 1994 மார்ச்சில் தங்கள் ஆல்பங்களிலேயே காதுக்கு மிகக் கொடூரமானது என்று சொல்லத்தக்க 'ஃபார் பியாண்ட் டிரிவன்' ஆல்பத்தோடு பில்போர்டு பட்டியலில் நேராக முதலிடத்தில் நுழைந்தது. பெருவெற்றி பெற மென்மையாக வேண்டும் என்ற கணக்கை இந்த ஒரு நிகழ்வே கிழித்துப் போட்டுவிடுகிறது. அதே 1994-இல், டெத் மெட்டல் குழுவான கேனிபல் கார்ப்ஸ், ஜிம் கேரி நடித்த 'ஏஸ் வெஞ்சுரா' என்ற நகைச்சுவைப் படத்தில் சிறிது நேரம் தோன்றி வாசித்தது. கேரி அந்தக் குழுவின் ரசிகர் என்பதால் வந்த அழைப்பு அது. குடும்பத்தோடு திரையரங்குக்கு வந்த கோடிக்கணக்கானவர்கள் பார்த்தார்கள். குழு அதன் பிறகும் அதே இரத்தக்களரியையே பாடிக்கொண்டிருக்கிறது.

நிறுவனம் உண்மையிலேயே கழுத்தைப் பிடித்த நிகழ்வுகளும் இல்லாமலில்லை. இங்கிலாந்தின் கார்காஸ் குழு கொலம்பியா நிறுவனத்தோடு ஒப்பந்தமாயிற்று. உறுமிப் பாடுவதை விட்டுவிட்டு ஒழுங்காகப் பாடக் கற்றுக்கொள்ளலாமே என்ற தோரணையில் நெருக்கடி வந்தது. கடைசியில் நிறுவனமும் கைவிட்டது, குழுவும் கலைந்தது. அவர்களுடைய 'ஸ்வான்சாங்' 1996-இல் பழைய சிறு நிறுவனத்தின் வழியாக வெளிவந்தபோது, அதை மேடையில் வாசிக்கக் குழுவே இல்லை. எனவே நான் கேட்கும் கேள்வி, எத்தனை பேர் கேட்டார்கள் என்பதல்ல. முடிவு யாருடையது, அது தவறாகிப்போனால் நட்டம் யாருக்கு என்பதுதான்.

அந்தக் கேள்வியை மெட்டாலிக்காவிடம் கேட்டால் கிடைக்கும் பதில், பழைய ரசிகர்கள் எதிர்பார்ப்பதற்கு நேர்மாறானது. இசை நிறுவனங்களின் வழக்கமான ஒப்பந்தம் இப்படி இருக்கும்: நிறுவனம் முன்பணம் தரும், ஒலிப்பதிவுச் செலவெல்லாம் கலைஞருக்கு வரவேண்டிய ராயல்டியிலிருந்து பிடித்தம் செய்யப்படும், எல்லாம் கழிந்த பிறகும் மாஸ்டர் எனப்படும் மூலப் பதிவுகளின் உரிமை நிறுவனத்திடமே இருக்கும். வீட்டுக்கடனை வட்டியோடு அடைத்து முடித்த பிறகும் பத்திரம் வங்கியிடமே தங்கிவிடுவது போன்ற ஏற்பாடு. 1994-இல், ஆல்பம் கோடிக்கணக்கில் விற்றுக்கொண்டிருந்தபோதே, மெட்டாலிக்கா எலெக்ட்ரா மீது வழக்குத் தொடுத்தது. எவரையும் ஏழு ஆண்டுகளுக்கு மேல் பணி ஒப்பந்தத்தில் கட்டிவைக்க முடியாது என்ற கலிஃபோர்னியத் தொழிலாளர் சட்டத்தை ஆதாரமாகக் காட்டினார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் வழக்கு சமரசத்தில் முடிந்து, குழுவுக்குச் சாதகமான புதிய ஏற்பாடு உருவாயிற்று. 2012-இல் தங்கள் மாஸ்டர் பதிவுகள் அனைத்தையும் கைக்குக் கொண்டுவந்து, பிளாக்கண்ட் ரெக்கார்டிங்ஸ் என்ற சொந்த நிறுவனத்தையே தொடங்கிவிட்டார்கள். நிறுவனத்துக்கு விலைபோனவர்கள் என்று எவர்களைச் சொன்னோமோ அவர்கள், அந்த வெற்றி தந்த பலத்தால்தான் நிறுவனத்திடமிருந்து தங்களை மீட்டுக்கொண்டார்கள். கொள்கை மாறாமல் சிறு நிறுவனங்களிலேயே தங்கிவிட்ட எத்தனையோ குழுக்களுக்குத் தங்கள் முதல் ஆல்பத்தின் மீது எந்த உரிமையும் இல்லை.

1996-இல் 'லோட்' வந்தபோது தலைமுடியை வெட்டிக்கொண்டதும், கண்ணுக்கு மையிட்டுப் படத்துக்கு நின்றதும் பெரிய சர்ச்சையாயின. இதைப் பற்றி அதிகம் எழுத எனக்கு ஒன்றுமில்லை. முப்பது வயதைத் தாண்டிய ஆண்கள் முடிவெட்டிக்கொள்வது செய்தியாகக் கூடாது. பாடல்களில் பாதியை நீக்கியிருந்தால் நல்ல ஆல்பமாக இருந்திருக்கும்.

ஆனால் நண்பரின் கோபத்துக்கு உரிய இடம் ஒன்று உண்டு என்றால், என் பார்வையில் அது 2000-ஆம் ஆண்டு. ஒரு திரைப்படத்துக்காக அவர்கள் பதிவு செய்துகொண்டிருந்த 'ஐ டிஸப்பியர்' பாடலின் முற்றுப்பெறாத வடிவம், பாடல்களை இணையத்தில் ஒருவருக்கொருவர் பகிர்ந்துகொள்ள உதவிய நாப்ஸ்டர் வழியாகக் கசிந்து, வானொலிகளில் ஒலிக்கத் தொடங்கியது. அந்த ஏப்ரலில் குழு நாப்ஸ்டர் மீது வழக்குத் தொடுத்தது. அடுத்த மாதம் உல்ரிக், தங்கள் பாடல்களைப் பகிர்ந்த 3 லட்சத்துக்கும் மேற்பட்ட பயனர்களின் பட்டியலைப் பெட்டி பெட்டியாக நாப்ஸ்டர் அலுவலகத்துக்கே கொண்டுபோய் இறக்கினார். அவர்களுடைய கணக்குகள் முடக்கப்பட்டன. ஜூலையில் அமெரிக்க செனட் குழுவின் முன் சாட்சியும் சொன்னார். சட்டப்படி அவர் பக்கம் நியாயம் இருந்தது. முற்றுப்பெறாத படைப்பை வெளியிடுவதா வேண்டாமா என்று தீர்மானிக்கும் உரிமை படைத்தவனுக்குத்தான் என்ற வாதத்தையும் நான் ஏற்கிறேன். தங்கள் கச்சேரிகளை ரசிகர்கள் பதிவு செய்துகொள்ள அதே குழு அனுமதித்துவந்தது என்பதையும் மறைக்கக் கூடாது. இருந்தும், வெற்றுக் கேசட்டில் நகலெடுத்துத் தபாலில் அனுப்பிய பையன்களால் பெயர்பெற்ற ஒருவர், அந்தப் பையன்களின் தம்பிமார்களுடைய பெயர்களை அச்சடித்துப் பெட்டியில் அடுக்கிக்கொண்டு வந்து நின்ற காட்சி, தொலைபேசியில் பேசிக்கொண்டே மீட்டிய எந்தக் காதல் பாட்டையும்விட அதிகமாக உறவை முறித்தது. இசையின் ஒலி மாறியதைப் பலரும் மன்னித்தார்கள். இதை மன்னிக்கச் சிலருக்கு இருபது ஆண்டு போதவில்லை.

காலம் இதையும் ஒருவாறு ஆற்றியிருக்கிறது. 2022 ஜூலையில் 'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' என்ற நெட்ஃபிளிக்ஸ் தொடரில் ஒரு கதாபாத்திரம் 'மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்' பாடலை வாசிக்கும் காட்சி வந்தது. வெளிவந்து 36 ஆண்டுகளுக்குப் பிறகு அந்தப் பாடல் முதன்முறையாக அமெரிக்காவின் முதல் நூறு பாடல்கள் பட்டியலுக்குள் நுழைந்து, முதல் 40 இடங்களுக்குள்ளும் வந்தது. எட்டரை நிமிடப் பாடல். போதை மனிதனை ஆட்டிவைப்பதைப் பற்றியது. ஒரு ஸ்வரமும் மாற்றப்படவில்லை. உடனே பழைய ஆட்கள் கிளம்பிவிட்டார்கள், தொடரைப் பார்த்துவிட்டு நேற்று வந்த பிள்ளைகளெல்லாம் ரசிகர்களா என்று. எல்லோரையும் வரவேற்கிறோம், எல்லோரும் ஒரு காலத்தில் புதிதாக வந்தவர்கள்தானே என்ற பொருள்பட, குழுவே பதில் சொல்லவேண்டியதாயிற்று.

நண்பரிடம் இன்னொன்றையும் சொல்லிப் பாருங்கள். அவர் என்ன சொல்கிறார் என்று அறிய எனக்கும் ஆவல். 2015 ஏப்ரலில், இசைத்தட்டுக் கடைகளுக்கான ஆண்டுவிழாவையொட்டி, மெட்டாலிக்கா அந்த 1982 டெமோவைத் தன் சொந்த நிறுவனத்தின் வழியாக மறுபடி வெளியிட்டது. குறுந்தகடாக அல்ல, கேசட்டாக. உறையில் உல்ரிக்கின் அன்றைய கையெழுத்து அப்படியே அச்சிடப்பட்டிருந்தது. பாடல்கள் பழைய அதே பாடல்கள், வரிசையும் அதே வரிசை. நகலின் நகலில் கேட்ட இரைச்சல் மட்டும் இல்லை, எந்தப் பாட்டும் பாதியில் நிற்கவுமில்லை. நான் விலையைப் பார்த்தேன், கொஞ்ச நேரம் யோசித்தேன், வாங்கவில்லை.